கொம்புள்ள மான் பன்னிரண்டு

காட்டு இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, மிருகங்களை எப்படி எண்ணுவது என்று மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்களாம். சந்தோஷம். என் காலத்தில் அந்தப் பயிற்சி கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆபீசர் ஒரு தொலைநோக்கியைத் தோல் பெட்டியோடு என் கையில் கொடுத்து, "உடைத்துவிடாதேயும்" என்றார். அவ்வளவுதான். நானும் கடைசிவரை அதை உடைக்கவில்லை. ஆகவே என் உத்தியோகத்தில் ஒரு குறையும் கிடையாது. மாலை போட்டு, போட்டோ எடுத்து, மரியாதையாகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உங்களில் சிலரைச் சுரங்கம் வரப்போகிற இடங்களுக்கு அனுப்பி, அங்கே என்ன மிருகம் எத்தனை இருக்கிறது என்று எழுதி வரச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வேலையை நானும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மிகவும் பாராட்டப்பட்ட வேலை அது. அதனால்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இராயபுரத்தில் சித்தப்பாவின் கருப்பட்டிக் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வியாபாரம் செய்கிற குடும்பம் எங்களுடையது. தராசைப் பிடிக்காமல் பேனாவைப் பிடித்த முதல் ஆள் நான். வேலை தற்காலிகம்தான். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால் காலடிப்பேட்டை மாமா தன் பெண்ணை எனக்குக் கொடுப்பார். ஆகாவிட்டால் அதே முகூர்த்தத்தில் வேறொருவனுக்குக் கொடுப்பார். அந்த வேறொருவனையும் அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். முன்யோசனைக்காரர்.

அந்தச் சமயத்தில்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருந்த மணல்மேட்டை ஒரு கம்பெனி கேட்டது. கண்ணாடி செய்வதற்கு அந்த வெள்ளை மணலைப் போல வேறெங்கும் கிடைக்காதாம். மணல் அள்ளுகிற குழிக்கு மனுவில் 'சுரங்கம்' என்று எழுதியிருந்தார்கள். குழி என்றால் சர்க்கார் ஏன் எதற்கு என்று கேட்கும். சுரங்கம் என்றால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லும்.

அந்த மேட்டில் வெளிமான்கள் இருந்தன. துரைமார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி எண்ணூருக்கு வந்து, படகில் கழியைத் தாண்டிப் போய் அவற்றைச் சுடுவார்கள். ஆகவே அங்கே மான் எத்தனை, சுரங்கம் வந்தால் அவை என்ன ஆகும் என்று மேலிடத்திலிருந்து எங்கள் ஆபீசுக்கு ஒரு காகிதம் வந்தது. மான்கள் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். துரைமார்களின் ஞாயிற்றுக்கிழமை மேல் இரக்கம்.

என் ஆபீசர் கும்பகோணத்துக்காரர். மலைக்காடுகளுக்காக அச்சடித்த ஒரு படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் யானை, காட்டெருமை, புலி, சிறுத்தை, கரடி என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. எண்ணூரில் யானை இல்லை என்பதை நான் நேரில் பார்த்து உறுதி செய்து கையெழுத்துப் போட வேண்டும். புலிக்கும் அப்படியே. கடைசியில் 'இதர' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. வெளிமானுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அதுதான்.

"ஒரு விஷயம்" என்றார் ஆபீசர். "எதற்காக எண்ணுகிறீர் என்று குப்பத்தில் மூச்சு விடக்கூடாது. தெரிந்தால் மகஜர் எழுதிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஆட்களைக் கூட்டும், மானை விரட்டச் சொல்லும், எண்ணும், வாரும்."

முகத்துவாரக்குப்பத்தில் கோதண்டம் என்று ஒருவன் இருந்தான். என் வயதுதான் இருக்கும். கழியில் வலை போடுகிறவன். துரைமார்கள் வேட்டைக்கு வந்தால் மான் விரட்டுகிற ஆட்களை அவன்தான் கூட்டி வருவான். அவனிடம் போய், மானை விரட்ட ஆள் வேண்டும் என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை. என் தோளில் தொங்கிய நீளமான தோல் பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நாளிக்கே வெச்சிக்கலாம் சார். மேட்டுக்குப் பின்னாடி குந்திக்க, நாங்க இட்டாந்து உடறோம்" என்றான்.

மறுநாள் காலை மணல்மேட்டுக்குப் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்தேன். தூரத்தில் ஆட்கள் வரிசையாகத் தகரம் தட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் மணலில் உட்கார்ந்து புகையிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் எழுந்திருக்கிற வழியாக இல்லை. நான் என் நாட்குறிப்பில், 'விரட்டும் ஆட்கள் சோம்பேறிகள், பாதி வேலையில் உட்கார்ந்துவிட்டார்கள்' என்று எழுதிக்கொண்டேன். அதை எழுதும்போது எனக்கிருந்த கம்பீரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அரை மணி நேரம் கழித்து எழுந்து கூச்சல் போட்டார்கள். மான்கள் வந்தன. முதுகெல்லாம் கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்ட நீளக் கொம்பு. ஒவ்வொன்றாக என் முன்னால் பாய்ந்து போயின. எண்ணினேன். பன்னிரண்டு. பன்னிரண்டும் ஆண். கொம்பில்லாத பெண் மான் ஒன்றுகூட இல்லை. குட்டியும் இல்லை. கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

நான் படித்தவன் அல்லவா, உடனே யோசித்தேன். பெண் இல்லாத மந்தை எத்தனை நாள் இருக்கும்? அன்றைக்கே ரிப்போர்ட் எழுதினேன். யானை இல்லை, காட்டெருமை இல்லை, புலி இல்லை. வெளிமான், ஆண் பன்னிரண்டு. பெண் இல்லை. இந்த மந்தை தானாகவே அற்றுப்போகும், ஆகவே சுரங்கத்தால் புதிதாக நஷ்டம் எதுவும் இல்லை. அவ்வளவுதான் ரிப்போர்ட். ரயிலடியில் கம்பெனி ஏஜெண்டு மோட்டார் காரோடு காத்திருந்தார். ஆபீஸ் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். அவர் வண்டியை நிறுத்தி எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார்.

நாலு நாள் கழித்து கோதண்டம் கருப்பட்டி வாங்குவதற்காகச் சித்தப்பா கடைக்கு வந்தான். என்னைப் பார்த்ததும் துக்கம் விசாரிக்க வந்தவன் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மன்சு ஒடிஞ்சி பூடாத சார். பெரிய பெரிய தொரைங்களே மொத தபா கை நடுங்கி சுடாம உட்டுக்கீறாங்க."

"எதைச் சுடவில்லை?"

"மானைத்தான். பன்னெண்டு உருப்படிய ஒன் மூஞ்சிக்கு நேரா இட்டாந்து உட்டோம். நீ பொட்டிய தொறந்து ஒரு கொழாய எடுத்துக் கண்ணுல வெச்சிகினு குந்திகினே. பசங்க சிரிச்சானுங்க. நாந்தான் அதட்டி வெச்சேன்."

"நான் சுட வரவில்லை, கோதண்டம். எண்ண வந்தேன்."

அவன் கையிலிருந்த கருப்பட்டியைக் கீழே வைத்தான். "எண்றதுக்கா? இத்த அன்னிக்கே சொல்ல மாட்டியா நைனா? எண்றதுன்னா பொட்டைங்களயும் இட்டாந்திருப்போமே!"

"பெண் மான் இருக்கிறதா?"

"இன்னா சார் கேள்வி கேக்கறே? பொட்டை இல்லாம கொம்பு வெச்சது எங்கேந்து வந்துச்சு? மானத்துலேந்து குதிச்சுதா?"

பிறகு பொறுமையாக விளக்கினான். "நாங்க நடுவால குந்தினோமே, இன்னாத்துக்கு? பொட்டையும் குட்டியும் கழி பக்கமா நவுந்து போவட்டும்னுதான். அதுங்க பூட்டப்பறம் ஏந்து கூவுவோம். கொம்பு வெச்சது லேசுல தன் எடத்த உட்டுப் போவாது. அத்தத்தான் தொரை கையில தள்றது. பொட்டைய சுட்டுட்டா அட்த்த வருசம் தொரைக்கு இன்னாத்த காட்டுவோம்? எங்க அப்பன் காலத்துலேந்து இப்டித்தான்."

பார்த்தீர்களா? அந்த மந்தையைக் காப்பாற்ற எங்கள் ஆபீசில் ஒரு திட்டமும் கிடையாது. குப்பத்தில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக, ஒரு காகிதமும் இல்லாமல், நடுவழியில் உட்கார்ந்து புகையிலை போட்டே அவர்கள் அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தத் திட்டத்துக்குத்தான் நான் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தேன்.

"நான் பெண் மான் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றேன். கோதண்டம் கடை அதிரச் சிரித்தான். வாங்க வந்திருந்த இரண்டு பேரும் என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏல, அனுப்புன காயிதம் அனுப்புனதுதான்" என்றார். "மொதல்ல ஒன் சோலி நெலைக்கட்டும். மானு எங்க போயிரப் போவுது?"

மறுநாள் முதல் ரயிலில் எண்ணூருக்குப் போனேன். கோதண்டம் படகில் கழியைக் கடந்து, மேட்டுக்கும் கழிக்கும் நடுவில் இருந்த ஒரு பள்ளத்துக்கு அழைத்துப் போனான். தகரம் இல்லை, கூச்சல் இல்லை. இரண்டு பேரும் வயிற்றால் ஊர்ந்து தாழம்புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டோம். பள்ளத்தில் நல்ல தண்ணீர் ஊற்று ஒன்று இருந்தது. அதைச் சுற்றிப் பச்சைப் புல். புல் முழுக்கப் பெண் மான்கள். நாற்பது வரை எண்ணினேன். அதற்குள் அவை இடம் மாறிக் கலந்துவிட்டன. நான் திரும்ப எண்ணவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குட்டி எங்களுக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் தலையைத் தரையோடு வைத்துப் படுத்திருந்தது. அதன் காது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பள்ளத்தைச் சுற்றிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டிருந்தன. கம்பெனிக்காரர்கள் முதலில் தோண்டுவதற்காக அடையாளம் வைத்த இடம் அதுதான். ஒரு பெண் மான் அந்தக் குச்சியில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றது.

கோதண்டம் குச்சிகளைப் பற்றிக் கேட்டான். மூச்சு விடக்கூடாது என்ற உத்தரவை மீறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இந்தப் பள்ளத்தத் தோண்டிட்டா பொட்டைங்களுக்குப் போக்கு ஏது சார்? அதுங்களுக்கு இங்கதான் தண்ணி, இங்கதான் குட்டி போடறது. அந்தப் பக்கம் கடலு, இந்தப் பக்கம் கழி" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான ஆபீசரு. எய்தி நிறுத்திடு சார்" என்றான்.

"எழுதுகிறேன்" என்றேன்.

எழுதவும் செய்தேன். அன்று பகலே மாடியில் உட்கார்ந்து எழுதினேன். 'என் முதல் ரிப்போர்ட் தவறு. தவறு என்னுடையது. விரட்டுகிறவர்களின் வழக்கம் தெரியாமல் எண்ணிவிட்டேன். பெண் மான்களும் குட்டிகளும் தங்கும் பள்ளம், சுரங்கத்துக்குக் குறித்த இடத்திலேயே இருக்கிறது. குத்தகையை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன்.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஆபீசர் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்காத குறைதான். "உட்காரும். உம்முடைய ரிப்போர்ட் மேலிடம் வரைக்கும் போயிருக்கிறது. எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். இதில் ஒரு 'ஆனால்' கிடையாது, ஒரு 'இருப்பினும்' கிடையாது. இப்படி எழுதுகிறவர்தான் இலாகாவுக்கு வேண்டும்" என்றார். மேஜை மேல் இருந்த காகிதத்தைத் தட்டிக் காட்டினார். "உம்மை நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீர் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

என் கை சட்டைப் பைக்குள் போனது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்றும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பயந்த மனிதனுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே வராது என்பதை இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நிரந்தரமானவன் எழுதினால் எழுத்துக்கு மதிப்பு அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சர்க்கார் காரியம் எந்தக் காலத்தில் சீக்கிரம் நடந்திருக்கிறது, குத்தகைக்கு இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிக்கொண்டேன். மான்கள் நேற்று வரைக்கும் இருந்தன, அடுத்த வாரமும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எல்லாமே நியாயமான காரணங்கள். இன்றைக்குக்கூட யாராவது குறுக்கு விசாரணை செய்தால் அந்தக் காரணங்களை வைத்தே தப்பித்துவிடுவேன்.

ஒன்பது நாள் அந்தக் கடிதத்தோடு ஆபீசுக்குப் போய் வந்தேன். சட்டை மாற்றும்போதெல்லாம் கடிதத்தையும் கவனமாகப் பை மாற்றினேன். வண்ணானிடம் போய்விடக்கூடாதே என்ற அக்கறை எனக்கு அவ்வளவு இருந்தது. பத்தாம் நாள் காலை நிரந்தர உத்தரவு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மை காய்வதற்குள் ஆபீசர் அறைக்குப் போய்க் கடிதத்தை நீட்டினேன். அப்போது எனக்கு மகா துணிச்சல்.

அவர் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குத்தகை சனிக்கிழமை கையெழுத்தாகிவிட்டது" என்றார்.

கடிதத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதில் போட்டிருக்கிற தேதிக்கு இது என் கைக்கு வந்திருந்தால், நானே எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். வெட்கத்தைப் பார்க்காமல் ஓடியிருப்பேன், தெரியுமா? இத்தனை நாள் எங்கே இருந்தது இது?"

"சட்டைப் பையில், சார்."

அவர் என் நிரந்தர உத்தரவின் நகலைப் பார்த்தார், கடிதத்தின் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் தேவலை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அங்கேயே இருக்கட்டும். அதற்கு ஏற்ற இடம் அதுதான்" என்றார்.

குறித்த முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. கம்பெனி ஏஜெண்டு அழையாமலே வந்து, ஒரு பெரிய கண்ணாடிக் கூஜாவைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுரங்கம் பள்ளத்தில்தான் ஆரம்பமானது. மணலை அள்ள அள்ளக் கழித் தண்ணீர் உள்ளே வந்தது. ஊற்று உப்பாகிவிட்டது. பெண் மான்கள் சில வடக்கே போனதாகச் சொன்னார்கள். சில கூலிக்காரர்களின் சட்டிக்குள் போயின, நாய்கள் சிலவற்றைப் பிடித்தன. இரண்டு வருஷத்தில் கம்பெனி வேறெங்கோ இன்னும் வெள்ளையான மணலைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்விட்டது. உப்புத் தண்ணீர் நிற்கிற குழி மட்டும் மிச்சம்.

அடுத்த வருஷம் மேலிடத்திலிருந்து மறுபடியும் காகிதம் வந்தது. சுரங்கத்தால் வெளிமான்களுக்குப் பாதிப்பு உண்டா என்று அறிய வேண்டுமாம். அந்த இடத்தை நன்கு அறிந்தவன் என்று என்னையே அனுப்பினார்கள். அதே தொலைநோக்கி, அதே படிவம். யானை இல்லை, புலி இல்லை.

கோதண்டம் படகில் கூட்டிப் போனான். விரட்ட ஆள் யாரும் தேவைப்படவில்லை. மேட்டின் மேல் கொம்பு மான்கள் தனித்தனியாக நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தன் இடம் என்று ஒன்று உண்டு. தன் புழுக்கையைக் குவித்து எல்லை வைத்துக்கொண்டு, பெண் மான் வரும் என்று அங்கேயே நிற்கும். ஒன்று மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து, உறுமிக்கொண்டு நடை போட்டது. பெண் மானுக்குக் காட்டுகிற நடை அது. சுற்றிலும் மணல்தான் இருந்தது. ஏழு எண்ணினேன். கழிக்கரை வரை நடந்து தேடினேன். பெண் ஒன்றுகூட இல்லை.

ரிப்போர்ட் எழுத எனக்குச் சிரமமே இருக்கவில்லை. பழைய ரிப்போர்ட்டின் நகலை எடுத்து, எண்ணிக்கையை மட்டும் மாற்றினேன். 'பெண் இல்லை. இந்த மந்தை தானாகவே அற்றுப்போகும்.' இந்தத் தடவை அதில் ஒரு பிழையும் இல்லை. அப்போது புதிதாக வந்திருந்த ஆபீசர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'இந்த நிலையைச் சுரங்கம் வருமுன்பே சரியாகக் கணித்தவர்' என்று என் பணிப் பதிவேட்டில் எழுதினார். என் முதல் பதவி உயர்வு அந்த வரியால் வந்தது.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று மேட்டிலிருந்து திரும்பும்போது கோதண்டம் துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நீயும் எய்தித்தான் பாத்தே. சர்க்காரு கேக்கல. நீ இன்னா பண்ணுவே சார்" என்றான்.

நான் கழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குக் கடையில, பொட்டை இல்லன்னு எய்திட்டேன்னு சொன்னியே. அத்தக் கேட்டுட்டு எல்லார் முன்னாலயும் சிரிச்சிட்டேன். கடசீல நீ எய்தினதுதான் நெஜமாச்சு. படிச்சவன் கண்ணுக்குத் தெரிஞ்சிகீது, எனக்குத் தெரியல. அத்த நெனச்சா எனக்குப் பேஜாரா கீது. மன்ச்சிக்க சார்."

குத்திக் காட்டுகிறானோ என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். குத்திக் காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் உண்மையாகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லை, கோதண்டம்" என்றேன்.